பன்னிரண்டு மாத நிரந்தரம்

துன்ஹா,
14 மே 2012

அன்பு மகள் யாமிலேவுக்கு அம்மா ப்ளோரால்பா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே நான் நலம். உறையின் மேல் சகோதரி மரியா இனெஸ் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதும்போது மட்டும் கை பழைய பெயருக்கே போகிறது. ஆறு வருடமாகியும் திருந்தவில்லை. மடத்தில் உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் மதர் அஸுன்சியோனுக்கும் என் வணக்கம். மதர், மூட்டுவலிக்கு நான் அனுப்பிய தைலம் கேட்டதா? கேட்டிருந்தால் சொல்லுங்கள், இன்னொரு புட்டி அனுப்புகிறேன்.

துன்ஹாவில் இந்த மாதம் குளிர் எலும்பைத் தேடிப் போகிறது. காலையில் முட்டை போட்ட சாங்குவா பால்சூப்பைச் சுடச்சுடக் குடித்துவிட்டு, கம்பளி ருவானாவுக்கு மேல் இன்னொரு ருவானாவைப் போர்த்திக்கொண்டு, சதுக்கத்து மூலையில் போய் நின்றுகொள்கிறேன். மூன்று போன்களும் வழக்கம்போல இடுப்பில் சங்கிலியோடு. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பேச நிமிடம் வாங்க வருகிறவர்கள் சங்கிலி நீளத்துக்குள் நின்று பேச வேண்டியிருப்பதால், ஒன்பது வருடமாக இந்த ஊரின் காதல், கடன், வயிற்றுப்போக்கு எல்லாம் என் காதில்தான் விழுகின்றன. ஊர்க்கதை கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

இப்போது சேதியைக் கேள். எனக்கென்று ஒரு போன் வாங்கிவிட்டேன்! சங்கிலி இல்லாதது. படம் எடுக்கும், பாட்டுப் பாடும், தொட்டால் வெளிச்சம் போடும்.

உண்மையைச் சொன்னால், நான் வாங்கப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கித்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். லிஸெத் என்று ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது குறைவாக இருப்பாள், ஓடி வந்தாள். "உக்காருங்க அம்மணி, நனஞ்சுட்டீங்களே, ஒரு காப்பி கொண்டாரட்டுங்களா?" என்றாள். காப்பியைக் குடித்த பிறகு சும்மா எழுந்து வர எப்படி மனசு வரும்? விலை கேட்டேன். சீட்டில் போட்டிருந்த விலையில் கால்வாசி கொடுத்தால் போதும் என்றாள். மிச்சத்தை யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "கம்பெனி குடுத்துருமுங்க" என்றாள். கம்பெனிக்கு என்ன தலையெழுத்து என்றேன். "உங்க மேல இருக்கற பிரியந்தானுங்க அம்மணி" என்று சிரிக்காமல் சொன்னாள்.

பிரியம் என்னவென்று அப்புறம்தான் தெரிந்தது. தனியாக ஒரு தாள், அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. தலைப்பில் 'நிரந்தர விதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிரந்தரம்னா சாகற வரைக்குமுங்களா?" என்றேன். "ஐயோ இல்லீங்க, பன்னண்டு மாசந்தானுங்க. அதுக்குள்ள விட்டுப் போனா அபராதம், அதுக்கப்புறம் உங்க இஷ்டமுங்க" என்றாள். பன்னிரண்டு மாதத்தில் முடிவதற்கு ஏன் நிரந்தரம் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மேலாளருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது, நீதான் வீட்டில் படித்தவள்.

உன் மடத்தில் இப்படிக் குழப்பம் இல்லை. துறவுக்கான தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று வருடம் என்றால் மூன்று வருடம். செப்டம்பர் எட்டாம் தேதி நீ கொடுக்கப்போகும் நித்திய வார்த்தைப்பாடு என்றால் நித்தியம். அன்றைக்குப் போட்டுக்கொள்ள நீலத்தில் ஒரு உடை தைக்கக் கொடுத்திருக்கிறேன். உன் அத்தை அது எனக்கு இளமையாக இருக்கும் என்கிறாள், அதாவது போடாதே என்கிறாள். நான் போடுவேன்.

மாதக் கடைசியில் பாம்ப்லோனாவுக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். போனைக் கொண்டுவந்து பார்வையறைக் கம்பித் தடுப்புக்கு இப்பால் இருந்து காட்டுகிறேன், மதர் அனுமதித்தால்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அம்மா


துன்ஹா,
30 ஜூன் 2012

அன்பு மகள் யாமிலேவுக்கு,

உன்னைப் பார்த்துவிட்டு நலமாகத்தான் வந்து சேர்ந்தேன், எழுதத்தான் ஒரு மாதமாகிவிட்டது. பேருந்து மலைமேட்டில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது, எருமை மாதிரி மூச்சு விட்டது. நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் நானும் தின்று தீர்த்தோம். மடத்து பிஸ்கட் என்று சொன்னதும் அவர் சிலுவை போட்டுக்கொண்டு மூன்றாவதும் கேட்டார்.

கம்பிக்கு அப்பால் உட்கார்ந்து நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஏம்மா, அந்தப் போனை நடுவுல வேண்டாம்னு சொன்னா விட்டுருவாங்களா?" என்றாய். நான் மக்கு, விட மாட்டார்கள், எதற்கு விட வேண்டும், எவ்வளவு நல்ல போன் என்று அதன் காமிராவைப் பற்றிக் கால் மணி நேரம் அளந்துகொண்டிருந்தேன். நீ தலையாட்டிக் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போனாய்.

பேருந்து மேட்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடமாக அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்கிறவள் நான். என் சங்கிலியில் நின்று பேசுகிறவர்கள் முக்கியமானதை ஒருநாளும் நேராகக் கேட்பதில்லை. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், உண்மையில் கேட்பது மாமனாரைப் பற்றி. இது தெரிந்த எனக்கு என் மகளிடம் மட்டும் காது அடைத்துவிட்டது. பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடலாமா என்று பார்த்தேன். பார்க்கும் நாள் முடிந்துவிட்டதே, கதவைத் திறக்க மாட்டீர்களே.

எனக்கு என்ன உறைத்தது என்று இங்கே எழுத மாட்டேன். நீ கேட்டது போனைப் பற்றி, நானும் போனைப் பற்றியே பதில் எழுதுகிறேன். மதர், இது வெறும் போன் விஷயம்தான், தாராளமாகப் படியுங்கள்.

விட முடியுமா என்று தெரிய வேண்டுமானால் விட்டுத்தானே பார்க்க வேண்டும்? ஊர் வந்த மறு திங்கட்கிழமையே கடைக்குப் போனேன். லிஸெத் ஓடி வந்தாள், நாற்காலி, காப்பி எல்லாம் ஆயிற்று. போன் வேண்டாம், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "எங்களால ஏதாவது தப்பு நடந்து போச்சுங்களா அம்மணி?" என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. இல்லை கண்ணு, சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு, போனுக்கு ஊதா நிறத்தில் ஒரு உறை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, காப்பி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த முறை மேலாளர். தங்கமான பையன், பிறந்து இருபது நாளான தன் குழந்தையின் படத்தைக் காட்டினான். படத்தைப் பார்த்த கையோடு எப்படி வேண்டாம் என்று சொல்வது? "உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா அம்மணி?" என்றான். ஒரு மகள் என்றேன். "அப்ப அவங்களுக்கும் ஒரு லைன் போட்டுக்கலாமுங்க, ரெண்டு லைன்னா சல்லிசு" என்றான். மகள் மடத்தில் கம்பிக்குப் பின்னால் இருக்கிறாள், வருடத்துக்கு மூன்று தடவைதான் பேசுவாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அத்தனை சந்தோஷமாக இருந்தான். யாமிலே, சிரிக்காதே. போனை விடப் போன உன் அம்மா, உன் பெயரில் இரண்டாவதாக ஒரு லைனும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்குச் சோள அரேபா சுட்டுக்கொண்டே யோசித்தேன். என்னைக் கட்டிப் போட்டிருப்பது அந்தத் தாளா? அந்தத் தாளை நான் இரண்டாம் தடவை படித்துக்கூடப் பார்க்கவில்லையே. என்னைக் கட்டிப் போட்டிருப்பது சங்கடம். நம் ஊர்க்காரர்களுக்கு இது பிறவி வியாதி. நாயைக்கூட வாங்க போங்க என்கிறவர்கள் நாம். யாராவது மரியாதையாக ஒன்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. வாங்கி வைத்துக்கொண்டு காலமெல்லாம் சுமப்போம். எத்தனை பேர் இப்படிச் சுமக்கிறார்களோ தெரியவில்லை.

நேரில் முடியாது என்று, முகம் தெரியாதவர்களிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். கம்பெனியில் 'தக்கவைக்கும் பிரிவு' என்றே ஒன்று இருக்கிறது. போகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கு மட்டும் ஆள் போட்டிருக்கிறார்கள். முதலில் எடுத்தவன் கடற்கரைக்காரன். "ஏன் செல்லம், எங்களை விட்டுப் போறே? நாங்க உனக்கு என்ன பண்ணோம்?" என்றான். நான் யாருக்கும் செல்லம் இல்லீங்க, எனக்கு ஐம்பத்து மூணு வயசுங்க என்றேன். அவன் இன்னொருத்தியிடம் தள்ளினான், அவள் அடுத்தவனிடம். மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே கேள்விதான், ஏன் போகிறீர்கள்? எனக்கு ஒன்று விளங்கவில்லை. நான் சேர்ந்தபோது ஏன் சேருகிறீர்கள் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லையே. அப்போது எல்லோரும் கை குலுக்கினார்கள்.

கடைசியில் நீதிமன்ற வாசலில் குடைக்குக் கீழே தட்டச்சுப்பொறி வைத்திருக்கும் டோன் எவாரிஸ்தோவிடம் போனேன். ஒரு உரிமை மனு போட வேண்டும் என்றேன். "யாருக்குங்க, அரசாங்கத்துக்குங்களா, முனிசிபாலிட்டிக்குங்களா?" என்று விரலைச் சொடுக்கினார். போன் கம்பெனிக்கு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. காரணம் என்ன எழுதட்டும் என்று அவரும் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. நானே கேட்டேன், காரணம் எழுத வேண்டாமா என்று. "எதுக்குங்க? 'தொடர விருப்பமில்லை'ன்னு ஒத்தை வரி போதுமுங்க. விருப்பமில்லைங்கறதுக்கு மேல ஒரு காரணம் சட்டத்துல கெடையாது" என்றார்.

எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. அத்தனை நாளாக நான் ஒரு நல்ல காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், போனில் கோளாறு, சத்தம் கேட்கவில்லை என்று என்னென்னவோ. ஒத்தை வரி போதுமாம்.

இரண்டு லைனையும் விடுவிக்கும்படியும், அபராதம் எவ்வளவோ கட்டிவிடுகிறேன் என்றும் மனு. செவ்வாய்க்கிழமை கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். பதினைந்து வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டுமாம். சொல்கிறார்களா பார்ப்போம். என்ன ஆனாலும் உனக்கு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன தடவை உன் மணிக்கட்டு மெலிந்திருந்தது.

அம்மா


துன்ஹா,
8 ஆகஸ்ட் 2012

என் மகள் யாமிலேவுக்கு,

விட்டுவிட்டார்கள்.

எப்படி என்று கேள், இதுதான் எல்லாவற்றிலும் விந்தை. பதினைந்து வேலை நாள் முடிந்தும் கம்பெனியிலிருந்து பதில் இல்லை. மனு எங்கேயோ மேசைக்கு அடியில் போயிருக்கும். நான் வாடிப் போய் டோன் எவாரிஸ்தோவிடம் சொன்னேன். அவர் குடை அதிரச் சிரித்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க அம்மணி! அவங்க வாயத் தொறக்கலைன்னா, கேட்டதைக் குடுத்துட்டதா அர்த்தமுங்க. சட்டமே அப்படித்தானுங்க" என்றார். நம்பாமல் இரண்டு பேரிடம் விசாரித்தேன். நிஜம்தான். மனுவில் விழுந்த முத்திரைத் தேதியைக் காட்டினதும் கடையில் ஒரு வார்த்தை பேசாமல் முறித்துக் கொடுத்தார்கள். அபராதத்தைக் கட்டினேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி விலையை அவர்கள் கொடுத்தார்கள், நான் இருப்பேன் என்று நம்பிக் கொடுத்தார்கள். இருக்காதபோது கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது, யாரும் என்னைத் துரத்தி வரவில்லை. நம்பர்கூட என்னிடமேதான் இருக்கிறது. அது என்னுடையதாம், எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாமாம்.

லிஸெத் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று மூன்று நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அவளே என் மூலைக்கு வந்து நிற்கிறாள், ஊரில் இருக்கும் அம்மாவோடு பேச நிமிடம் வேண்டுமாம்! கடை நிறையப் போனை வைத்துக்கொண்டு என் சங்கிலிக்கு வந்திருக்கிறாள். பேசி முடித்துவிட்டு, "உள்ளதைச் சொல்லுங்க அம்மணி, போன்ல என்னதானுங்க கோளாறு?" என்றாள். "ஒரு கோளாறும் இல்லீங்க கண்ணு. விட முடியுமான்னு பாக்கத்தான் விட்டேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்காகவா அபராதம் கட்டுனீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

இனிமேல் போனைப் பற்றிப் பேசுவதை நிறுத்துகிறேன். மதர் அஸுன்சியோன், நீங்கள் மூன்று மாதமாக என் போன் கதையைப் படித்து, இந்தப் பொம்பளைக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருப்பீர்கள். அல்லது முதல் நாளே உங்களுக்குப் புரிந்திருக்கும். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

யாமிலே, நீ பத்தொன்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனாய். பங்குச்சாமியார் கை குலுக்கினார், உன் அத்தைகள் அழுதார்கள், தெருவில் கேக் வெட்டினார்கள். ஏன் போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். முதல் வார்த்தைப்பாட்டுப் படத்தைச் சட்டம் போட்டு என் மூலையில் மாட்டி வைத்தேன். வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு என்னிடம் நிமிடம் வாங்கினார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், பேருந்து மலைமேட்டில் நின்று உன் கேள்வி எனக்கு உறைத்தபோது, எனக்கு முதலில் வந்த நினைப்பு நீ இல்லை, அந்தப் படம்தான். அதை எங்கே ஒளிப்பது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. நீ கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பயந்ததும் இதற்குத்தானோ என்று நினைத்தால் எனக்கு இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கிறேன். எதற்காகவும் இல்லை, அதில் நீ அழகாக இருக்கிறாய்.

நீ விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம், நீ நிஜமாகவே போனைப் பற்றித்தான் கேட்டிருக்கலாம். அங்கே உனக்குச் சந்தோஷம் என்றால் இரு கண்ணே, நித்தியத்துக்கும் இரு, நான் நீல உடை போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து அழுகிறேன். ஆனால் சங்கடத்துக்காக மட்டும் இருக்காதே. எனக்காகவோ அத்தைகளுக்காகவோ இருக்காதே. உன்னிடம் ஒருவரும் காரணம் கேட்கக் கூடாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்பவர்களை டோன் எவாரிஸ்தோவிடம் அனுப்புகிறேன்.

பதில் வராவிட்டால் கேட்டவருக்குச் சாதகம் என்று சட்டம் சொல்கிறது. உன் விஷயத்தில் எனக்கு அந்தச் சட்டம் வேண்டாம். நீ பேசாமல் இருப்பதை வைத்து நான் ஒன்றையும் முடிவு செய்ய மாட்டேன், நீயாகச் சொல்ல வேண்டும். எழுத நேரமில்லை என்றால் மதரிடம் கேட்டு ஒரு நிமிடம் பேசு. மூலையில்தான் நிற்பேன், மூன்று போனும் எடுப்பேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலையில் எப்படியும் மடத்து வாசலில் இருப்பேன், டிக்கெட் வாங்கிவிட்டேன். வரும்போது பூ வாங்கிக்கொண்டு வரட்டுமா, திரும்பி நடக்க, நீ வீட்டில் விட்டுப்போன செருப்பை எடுத்துக்கொண்டு வரட்டுமா? இது ஒன்றை மட்டும் சொல்.

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், எந்த வாசலில் நீ நின்றாலும்.

உன் அம்மா
ப்ளோரால்பா